ஊதா நிற ஸ்பீட்வே பிரேம்

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் என்னோடு வளர்ந்தவர்களே, நாம் எல்லோரும் முப்பதைத் தாண்டிவிட்டோம். படியேறும்போது என் முழங்கால் போடும் சத்தத்தை என் மகள் காதுவைத்துக் கேட்கிறாள். போன கிழமை சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அந்த மணம் என்னை நேரே எங்கள் பின்வளவுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். லண்டனில் இளசுகளுக்கெல்லாம் பிக்ஸி சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்த காலம். கியர் ஒன்றே ஒன்று. பின்சில்லும் பெடலும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். சில்லு சுற்றும்வரை காலும் சுற்றத்தான் வேண்டும், இறக்கத்தில்கூட ஓய்வில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினாறு, ஜீ.சி.எஸ்.ஈ. பரீட்சை எழுதி முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். பள்ளிக்கூடம் அவளை இரண்டு கிழமை வேலை பழக நகரத்துக்குள் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே பார்சல் கொண்டுவரும் ஒரு பெண், சிவப்பு விளக்கில் காலைக் கீழே ஊன்றாமல், சைக்கிளை அசையாமல் நிறுத்தி, அதன்மேல் இருந்தபடியே அப்பிள் தின்றதை அக்கா கண்டிருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு கதையில்லை.

கிழக்கு லண்டனில் அந்தச் சைக்கிள் விற்கும் கடை ஒன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கடைக்குள் கோப்பி மணம். சுவரில் பிரேம்கள் கோயில் படங்கள்போல வரிசையாகத் தொங்கின. ஒன்றின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். திருப்பியபடியே விட்டுவிட்டு, "வா, போவம்" என்றாள்.

ஆனால் அக்கா விடுகிற ஆளில்லை. இல்போர்ட் நூலகத்தில் கணினிக்கு முன்னால் ஒரு மணி நேரம், அது முடிய என் அட்டையில் இன்னொரு மணி நேரம் இருந்து வாசித்தாள். திடீரென்று என் தோளில் அடித்தாள்.

"இஞ்சை பார். ஸ்பீட்வே பிரேம்!"

சைக்கிள் ஸ்பீட்வே என்று ஒரு பந்தயம் இருப்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சின்ன முட்டை வடிவ மண் ஓடுபாதை. நாலு பேர், நாலு சுற்று, எல்லாம் இடப்பக்கமே திரும்புவது. பிரேக் கிடையாது, கியர் கிடையாது. அதனால் அந்தப் பிரேமில் கியர் பூட்டுகிற கொளுக்கி இல்லை. சில்லைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கலாம். விழுந்து விழுந்து ஓடுவதற்கென்றே செய்ததால் இரும்புமாதிரி உறுதி. பெடல் இருக்கும் இடம் மற்றச் சைக்கிளைவிட உயரம், எனவே வளைவில் கால் சுற்றிக்கொண்டே இருந்தாலும் பெடல் நிலத்தில் முட்டாது. பிக்ஸிக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. கடைச்சுவரில் தொங்கியதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதைவிட அதிசயம், அப்படி ஓர் ஓடுபாதை எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் இருந்தது. ஒரு பூங்காவின் பின்னால், கவுன்சில் குப்பை லொறிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில். அந்தப் பாதையால் எத்தனை தரம் போயிருக்கிறோம்! ஒருநாளும் கண்ணில் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். செங்கல் நிறத்தில் மண். தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த நாடா சட்டென்று மேலே துள்ள, நாலு பேர் முழங்கையால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முதல் வளைவுக்குப் பாய்ந்தார்கள். புழுதி எழும்பியது. பல்லில் கடித்துப் பார்த்தேன், இரும்பு ருசி. ஒரு தாத்தாவும் ஒன்பது வயதுப் பெண்பிள்ளையும் பக்கத்தில் நின்று ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு அந்த இடம் உடனே பிடித்துவிட்டது.

ஒரு தகரக் கொட்டிலில் தேநீரும் ரொட்டியும் விற்றுக்கொண்டிருந்த பெரிய உடம்புக்கார வெள்ளைக்கார அம்மாதான் கழகத்துக்கே பொறுப்பு. நாங்கள் அவருக்குத் தேத்தண்ணி மாமி என்று பெயர் வைத்தோம். அக்கா பிரேம் என்று வாய் திறந்ததும் மாமியின் முகம் சுருங்கியது.

"இன்னுமொரு பிக்ஸியா?" என்று தன் கிழக்கு லண்டன் ஆங்கிலத்தில் கேட்டார். "போன மாதம் ஒரு தாடிக்காரன் வந்து மூன்றை அள்ளிக்கொண்டு போனான். எங்கள் கழகத்து ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுத்தான் ஓடுவானாம். ஒரு சுற்று ஓடிப்பார் என்றேன், சப்பாத்து அழுக்காகுமாம்."

"நான் ஓடுறன்" என்றாள் அக்கா.

"இவளுமா?" மாமி என்னைக் காட்டினார்.

"நானும்" என்றேன். யாரும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்கிற வீடு எங்களுடையது அல்ல. எனவே யாரோ கேட்டதே எனக்குப் பெரிய விஷயம்.

கழகத்துச் சைக்கிளில் ஏறிய அக்கா முதல் வளைவிலேயே விழுந்தாள். எழும்பினாள். இரண்டாவது வளைவில் இன்னொருவனையும் கூட்டிக்கொண்டு விழுந்தாள். நான் இடது காலைத் தரையில் உரசியபடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு சுற்றையும் ஓடி முடித்தேன். கடைசி இடம்தான், மற்றவர்கள் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எல்லோரும் கை தட்டினார்கள். என் வெள்ளைக் காலுறை செங்கல் நிறமாகிவிட்டது. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த கைதட்டல்கள் எதுவும் அதற்குக் கிட்ட வராது.

மாமி கொட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு பிரேமை இழுத்து வந்தார். ஊதா நிறம். மேல்குழாயில் பெருவிரல் அளவு ஒரு பள்ளம். முன்பு ஓடிய யாரோ ஒரு பிள்ளை வெள்ளி நட்சத்திரங்களை வரிசையாக ஒட்டியிருந்தது. அக்காவின் சனிக்கிழமை பேக்கரி வேலையின் ஒரு கிழமைச் சம்பளத்துக்குள் அடங்குகிற விலை.

"ரோட்டில் ஓடப்போகிறீர்கள். முன் பிரேக் பூட்டாமல் இதை வாசலுக்கு வெளியே விடமாட்டேன்" என்றார் மாமி. பிரேக் இல்லாமல் ஓடுவதுதான் அழகு என்று அக்கா ஆரம்பித்தாள். மாமி பிரேமைத் திரும்ப உள்ளே கொண்டுபோகத் திரும்பினார். அக்கா உடனே "சரி, சரி" என்றாள். முன்சில்லைத் தாங்கும் கவர், பிரேக் பூட்டத் துளை உள்ளதாக வேறொன்றையும் மாமி தேடிப்பிடித்துத் தந்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

பிரேமை அக்காவும் கவரை நானும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம். ஓட்டுநர் எங்கள் ஆள். எங்களையும் பிரேமையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, மிச்சச் சைக்கிள் அடுத்த பஸ்ஸிலையோ வருது?" என்றார். பஸ்ஸில் இருந்த தமிழ் தெரிந்த நாலு பேரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

வீட்டில் சிரிப்பு நின்றது. அப்பா வாசலில் நின்றிருந்தார்.

"என்ன இது?"

"சைக்கிள் அப்பா."

"சீற்றும் இல்லை, சில்லும் இல்லை. ஆரோ எறிஞ்சதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

அப்பா பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தார். எங்கள் பழைய நிசான் காரை ஞாயிறுதோறும் குளிப்பாட்டித் துடைப்பார். அவருக்குச் சைக்கிள் என்றால் இல்லாமையின் அடையாளம். ஊரில் சண்டை நடந்த காலத்தில் மண்ணெண்ணெயும் அரிசியும் சைக்கிளில் கட்டி உழக்கியது போதும், தன் பிள்ளைகள் காரில்தான் போகவேண்டும் என்று தீர்மானித்திருந்தார். அந்தத் தீர்மானத்தில் அம்மாவையும் சேர்த்து, அவருக்கும் கார் பழக்கினார். அம்மா மூன்று தரம் பரீட்சையில் தவறினார். "உனக்கு ரோட்டைக் கண்டால் பயம். உதைச் சொல்லிக்குடுக்க ஏலாது" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். நாங்களும் அதை நம்பினோம். இப்போது நான் கார் ஓட்டும்போது அப்பா பக்கத்துச் சீற்றில் இருந்தால் எனக்கும் சந்தியில் எஞ்சின் நின்றுபோகிறது. அம்மாவுக்குப் பயம் ரோட்டிலே இல்லை என்பது அப்படித்தான் விளங்கியது.

பிரேம் கொட்டிலுக்குப் போனது, பெரிய உறைபெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில். அந்த ஓகஸ்ட் முழுவதும் நாங்கள் அங்கேயே கிடந்தோம். மீன் வாடை, எண்ணெய் மணம், உறைபெட்டியின் உறுமல். அக்கா யாரோ ஒரு கூரியர்க்காரனிடம் பழைய பந்தயச் சில்லுகள் வாங்கி வந்தாள். அவை ஸ்பீட்வே சில்லைவிடக் கொஞ்சம் பெரியவை. டயர் பிரேமின் அடியில் உரசியது. காற்றை இறக்கினோம், உரசியது. மிக மெல்லிய டயர் வாங்கிப் போட்டோம். ஒரு பஸ் டிக்கெட் நுழையும் அளவு இடைவெளி வந்தது. அக்கா அதற்குள் உண்மையாகவே ஒரு டிக்கெட்டை விட்டு எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள்.

பின்சில்லின் பல்லுச் சக்கரத்தை இறுக்கும் வளையம் மட்டும் இறுகவே இல்லை. ஒரு பின்னேரம் முழுக்க முறுக்கினோம். அக்காவின் உள்ளங்கை கொப்பளித்தது. அம்மா உறைபெட்டியிலிருந்து ஒரு மீன் பொதியை எடுக்க வந்தவர், சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மற்றப் பக்கம் முறுக்கிப் பாத்தனீங்களே?" என்றார்.

"அம்மா, உங்களுக்கு உது விளங்காது" என்றாள் அக்கா.

அம்மா மீனோடு போய்விட்டார். அக்கா மற்றப் பக்கம் முறுக்கினாள். வளையம் இறுகியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவிடம் போய்ச் சொல்லவில்லை. இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் ஓட்டம் எங்கள் தெருவில். அக்கா பத்து வீடு தாண்டியதும் பழக்கதோசத்தில் உழக்குவதை நிறுத்தினாள். பெடல் நிற்குமா? அது அவள் காலைத் தூக்க, அவள் பக்கத்து வீட்டு வேலிச் செடிக்குள் தலைகீழாகப் போனாள். வெளியே வந்தபோது தலையெல்லாம் இலை, முகமெல்லாம் சிரிப்பு. பெரிய முன்பற்சக்கரம் வாங்கக் கையில் காசில்லாததால் ஸ்பீட்வேக்குரிய சின்னதையே போட்டிருந்தோம். அதனால் கால் தையல் மெஷின் ஊசிமாதிரி அடிக்கும், சைக்கிள் மட்டும் மெல்ல ஆறுதலாகப் போகும். எங்களுக்கு அது குறையாகவே படவில்லை. முறை வைத்து ஓடினோம். சீற்று அடிக்கடி கீழே இறங்கியிருக்கிறது என்று மட்டும் அக்கா என்னோடு சண்டை பிடிப்பாள். நான் தொடவே இல்லை என்று சத்தியம் செய்வேன்.

அக்காவின் பரீட்சை முடிவு வரும் கிழமை. ஒரு காலை அக்கா கொட்டிலைத் திறந்து பார்த்துவிட்டு அலறினாள். சைக்கிள் இல்லை.

பூட்டு உடையவில்லை. திறப்பு வழமையான ஆணியில் தொங்கியது. அக்கா நேரே சமையலறைக்குப் போனாள். இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா இடுப்பில் சாரம் கட்டியபடி இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கை என்ரை சைக்கிள்?"

"எனக்கென்ன தெரியும்?"

"பழைய இரும்பு எடுக்கிற இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டியள்! காலமை அவன்ரை வான் போனது எனக்குக் கேட்டது. உங்களுக்கு அது குப்பை. உங்களுக்கு எங்கடை எல்லாமே குப்பை!"

அப்பா கோப்பையை மேசையில் வைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வரவில்லை. அவர் முகம் அடிபட்ட பிள்ளையின் முகம்போல ஆனது. மெதுவாக எழும்பி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"அப்பா குடுக்கேல்லை அக்கா" என்றேன்.

"வாயை மூடு" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

யன்னலால் பார்த்தேன். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக்காரனின் வான் மணியோசை கேட்ட திசைக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஓட்டம் என்றால் உண்மையான ஓட்டம். அப்பா ஓடி நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேலானது. வேர்வையில் நனைந்திருந்தார். கையில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ரோசா நிறம், ஹாண்டிலின் இரு பக்கமும் குஞ்சம், ஆறு வயதுப் பிள்ளைக்குரியது. முன்சில்லு கோணல்.

"அவன்ரை வானிலை இது ஒண்டுதான் கிடந்தது" என்றார் மூச்சு வாங்கியபடி. "இதுதானே?"

அக்கா உயிராக நேசித்த அந்த ஊதா நிறச் சைக்கிளை அவர் ஒருநாளும் சரியாகப் பார்க்கவே இல்லை. ஆனால் அதற்காக நாலு தெரு ஓடியிருக்கிறார், இரும்புக்காரனோடு பேரம் பேசியிருக்கிறார். அக்கா அந்தக் குஞ்சங்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அழுகை பாதியில் சிரிப்பாக மாறி, இரண்டும் ஒன்றாக வந்தன. "இது இல்லை அப்பா" என்று சொல்லி அவர் நனைந்த தோளில் முகத்தை வைத்தாள். அவர் அவளுடைய தலையைத் தட்டினார். "சரி, சரி. போலீசிலை சொல்லுவம்" என்றார்.

போலீசுக்குப் போகவில்லை. அன்று முழுவதும் அந்தப் பேச்சாகவே கழிந்தது. பின்னேரம் மூன்றரை மணிக்கு நாங்கள் மூவரும் வாசலில் நின்று கோணல் சில்லை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஊதா நிறமாக ஏதோ வந்தது.

அம்மா.

அவர் வேலை செய்த முதியோர் பராமரிப்பு இல்லத்தின் நீல யூனிபார்ம். கால்சட்டையின் கீழ்ப்பக்கம் றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். முதுகில் என் பள்ளிக்கூடப் பை. கால்கள் தையல் மெஷின்மாதிரி அடித்துக்கொண்டிருந்தன. முகத்தில் நான் அதற்குமுன் கண்டிராத ஒரு சிரிப்பு, பல்லெல்லாம் தெரிந்தது.

"காலமை பஸ் வரேல்லை!" என்று கத்திக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்.

நாங்கள் வாயைத் திறந்தபடி நின்றோம். அம்மா தெருவின் மறுமுனையில் திரும்பி மறைந்தார். எங்கள் வீட்டுத் தொகுதியைச் சுற்றி மறுபடியும் இந்த முனையால் வந்தார்.

"பிந்திப் போனால் வேலை போயிடும் எண்டு சொன்னவை! அதுதான் எடுத்தனான்!"

மறுபடி போய்விட்டார்.

"பிரேக்கைப் பிடியுங்கோ அம்மா!" என்று அக்கா கத்தினாள். "வலது கை!"

மூன்றாவது சுற்று. "நிப்பாட்ட ஏலாமல் கிடக்கு!"

அப்பா சாரத்தோடு தெருவின் நடுவில் இறங்கி, கை இரண்டையும் விரித்துக்கொண்டு நின்றார். "விழப்போறாய்! மெதுவா வா, நான் பிடிக்கிறன்!"

அம்மா அவரை லேசாக வளைந்து கடந்தார், நடுத்தெருவில் ஒரு வளைவு, அவ்வளவு அழகாக. "நேர்சிங் படிக்கேக்கை ஒவ்வொரு நாளும் சைக்கிள்தான் ஓடினனான், மறந்து போனியளோ?"

அப்பா கையைக் கீழே விட்டார். மறந்துதான் போயிருந்தார்.

நாலாவது சுற்றில், ஒரு கிழமையாக நாங்கள் இல்போர்ட் நூலகத்துக்குப் போகும் நேரத்தில் பின்வளவு ஒழுங்கையில் ஓடிப் பழகியதைச் சொன்னார். சீற்று ஏன் இறங்கியது என்று அக்காவுக்கும் எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஐந்தாவது சுற்றுக்குள் பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்துவிட்டன. பஞ்சாபி அங்கிள் விசில் அடித்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் அம்மாவின் பின்னால் ஓடினார்கள். ஆறாவது சுற்றில் எங்கள் வாசலுக்கு முன்னால், எந்தச் சத்தமும் இல்லாமல், சைக்கிள் நின்றது. அம்மா இறங்கினார். சைக்கிளை அக்காவிடம் கொடுத்தார்.

"நல்லாக் கட்டியிருக்கிறியள்" என்றார். "சின்னப் பல்லுத்தான். மாத்த வேண்டாம், ஏத்தத்துக்கு நல்லம்."

அதன்பிறகு அது அம்மாவின் சைக்கிள். அக்கா தருகிறேன் என்று சொல்லவும் இல்லை, அம்மா தா என்று கேட்கவும் இல்லை. அக்கா தேத்தண்ணி மாமியிடம் போய் இன்னொரு பிரேம் வாங்கினாள், பச்சை நிறம், பள்ளம் இரண்டு. இம்முறை அப்பாவும் வந்தார், காரில், பிரேமை ஏற்றி வர. வந்தவர் வேலியோரம் நின்று முதல் பந்தயத்தைப் பார்த்தார். மூன்றாவது பந்தயத்தில், "முழங்கையைப் போடு! முழங்கையைப் போடு!" என்று முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பையனுக்குத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். நான் அந்த இலையுதிர்காலம் முழுக்க அங்கே ஓடினேன். இரண்டு தரம் மூன்றாவதாக வந்தேன்.

ஊதா பிரேம் இப்போது இல்லை. அம்மா நாலு ஆண்டு வேலைக்குப் போய்வந்தபின், ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் வெட்டிய பூட்டு மட்டும் கிடந்தது. அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அழுதார். புதுச் சைக்கிள், கியரெல்லாம் உள்ளது, வாங்கித் தருகிறேன் என்று அப்பா சொன்னார். "எனக்கு ஸ்பீட்வே பிரேம்தான் வேணும்" என்றுவிட்டார். தேத்தண்ணி மாமி தானே தேடி ஒன்றைக் கொடுத்தார்.

அக்கா இப்போது லூயிஷாமில் இருக்கிறாள், பிள்ளைகள் இரண்டு. போன மாதம் எல்லோரும் அம்மா வீட்டில் கூடியபோது, அம்மா நிறுத்தத் தெரியாமல் தெருவைச் சுற்றிய கதையை அப்பா நூறாவது தடவையாகச் சொன்னார். தான் கையை விரித்துக்கொண்டு நின்றதையும் நடித்துக் காட்டினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குத்தான் திடீரென்று ஒன்று உறைத்தது. பராமரிப்பு இல்லத்திலிருந்து எங்கள் வீடு நாலு மைல். வழியில் இரண்டு பெரிய சந்தி, எத்தனையோ சிக்னல்.

சமையலறைக்குள் போய் அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அண்டைக்கு உங்களுக்கு நிப்பாட்டத் தெரியுந்தானே?"

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியாமல்? எல்லாச் சிகப்பு விளக்கிலையும் நிண்டுதானே வந்தனான்."

"அப்ப ஏன் ஆறு தரம் சுத்தினனீங்கள்?"

அறைக்குள் அப்பா இன்னும் கையை விரித்துக்கொண்டு நின்றார். அம்மா எட்டி அவரைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"இறங்கினால் உள்ளுக்கை வந்து சமைக்க வேணும் எல்லே?"